பத்து வீதம்

ஒரு பெண்ணைச் சபை நடுவே கள்ளி என்றார்கள். அவர் கள்ளி இல்லை என்பதை அந்த மண்டபத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

இதுதான் என் குற்றம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போவதானால் போகலாம்... இருந்து கேட்பதானால் கேட்கலாம். ஒன்றே ஒன்று: 'பாவம், அந்த நேரத்தில் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லையாக்கும்' என்று மட்டும் எனக்காக இரங்கிவிடாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

என் பெயர் யோகேஸ்வரி. எல்லோருக்கும் யோகா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஓக்லாந்தின் தெற்கு மூலையான பாபகூராவில் குடியிருக்கிறேன். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அங்கே என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கழுவிய பாத்திரம் பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

எங்கள் சங்கம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஹவுசி நடத்தும். நீங்கள் அதைப் பிங்கோ என்பீர்களோ, தம்போலா என்பீர்களோ, எல்லாம் ஒன்றுதான். சீட்டில் எண்கள் இருக்கும்; ஒருவர் எண்களைக் கூப்பிடுவார்; வரி நிரம்பியவர் துள்ளி எழுந்து கத்துவார். கூப்பிடுவது தலைவர் சிவநேசன் அண்ணை. வெறும் எண்ணாகக் கூப்பிட அவருக்கு வராது. "நாயன்மார், அறுபத்து மூண்டு! ஐயப்பன் படி, பதினெட்டு! சனியன் பிடிச்ச எட்டு!" என்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஆரம்ப காலத்தில் பரிசைக் கொடுக்கும்போதே சங்கத்தின் பங்கைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். இருபது டொலர் வென்றவருக்குக் கையில் பதினெட்டு. சனம் முறுமுறுத்தது. "வெண்ட காசைக் கண்ணில காட்டாமலே கிள்ளி எடுக்கிறீங்கள்" என்றார்கள். அதுவும் நியாயம்தானே? தருமம் என்றால் தன் கையால் கொடுக்க வேண்டாமா? ஆகவே ஒழுங்கை மாற்றினோம். பரிசு முழுவதையும் மேடையில் கைதட்டலோடு கொடுப்பது. வென்றவர் தாமாகவே பக்கத்து மேசைக்கு வந்து சங்கத்தின் பங்கைத் தன் கையால் தருவது.

அந்த மேசை என்னுடையது. மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலும் என் கையெழுத்துத்தான். 'வென்றவர்கள் பத்து வீதம் அன்பளிப்புச் செய்க.'

சேர்வதை முடிவில் மூன்றாகப் பிரிப்போம். ஒரு பங்கு மண்டப வாடகைக்கு. ஒரு பங்கு பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கு. மற்றது மரண உதவி நிதிக்கு. தமிழர் வீடு எதிலாவது சாவு விழுந்தால் அந்த நிதியிலிருந்து ஒரு தொகை உறையில் வைத்து உடனே போகும். ஊரில் அயலட்டை கூடிச் செய்கிற காரியத்தை இங்கே அந்த உறைதான் செய்கிறது.

கேட்க அழகான ஏற்பாடு, இல்லையா? ஆனால் தன் கையால் கொடுப்பது என்று வந்ததும் சில கைகள் சுருங்கிவிட்டன! தலைவரின் மனைவி மலர் அக்கா வெல்லாத மாதம் குறைவு. என் மேசையைக் கடக்கும்போது மட்டும் அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். "பிறகு தாறன் பிள்ளை, சில்லறை இல்லை." அந்தப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. அவரைப் பார்த்து இன்னும் சிலர். எல்லோரும் தெரிந்த முகங்கள், என் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்து சாப்பிட்டவர்கள். எப்படிக் கேட்பேன்?

கேட்கவில்லை. கொடுத்த பரிசுத் தொகை எவ்வளவு என்று தலைவருக்குத் தெரியும், ஆகவே வரவேண்டிய பங்கும் தெரியும். ஒவ்வொரு மாதமும் குறைந்தது. "யோகா, எங்கையோ இடிக்குது" என்பார். அவர் மனைவியின் கைப்பையில்தான் இடிக்கிறது என்று நான் சொல்ல முடியுமா? ஓரிரு முறை என் காசைப் போட்டு நிரப்பினேன். நல்ல மனத்தால் அல்ல. மேசை பறிபோய்விடும் என்ற பயத்தால்.

அப்படியான வேளையில்தான் வளர்மதி வந்தார்.

திருச்சிப் பக்கத்துக்காரர். அடுத்த ஊரான தகனினியில், புது வீடுகள் நெருக்கமாய் எழும்பியிருக்கும் தெருவொன்றில், மகனோடும் மருமகளோடும் இருந்தார். கணவர் திடீரென்று இங்கேயே இறந்துபோனபோது, முன்பின் அறியாத அந்தக் குடும்பத்துக்கும் எங்கள் நிதியிலிருந்து உறை போயிற்று. அந்த நன்றிக்காகவே ஹவுசிக்கு வரத் தொடங்கினார். துக்கத்தையும் பகிடியாகச் சொல்கிற பெண். "தகனினின்னு ஊருக்குப் பேரு வச்சிருக்கான், அங்க போயா வீடு வாங்குவாங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேன். கேட்டாரா மனுஷன்?" என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்.

முதல் நாளே சீட்டின் நான்கு மூலை எண்களும் அவருக்கு விழுந்தன. இருபது டொலர். மேசைக்கு வந்து பத்து டொலர்த் தாள் ஒன்றை வைத்தார். எட்டு டொலர் மிச்சம் கொடுக்க நான் சில்லறைப் பெட்டியைத் திறந்தேன்.

"எதுக்குங்க சில்லறை? பத்து வீதம்தானே போட்டிருக்கு?"

"ஓம், பத்து வீதம்தான்."

"அப்பச் சரியாத்தானே இருக்கு."

போய்விட்டார். தாராளமான மனுசி என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் மேல் வரியும் அவருக்கே விழுந்தது. அதற்கும் இருபது டொலர். திரும்ப வந்தார். திரும்பவும் ஒரு பத்து டொலர்த் தாள்.

"தடவைக்குப் பத்து. ரெண்டு தடவை ஜெயிச்சாச்சு, ஆக இருபது. கணக்கு சரியாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது! எங்களுக்கு வீதம் என்றால் நூற்றுக்கு இத்தனை. அவர்கள் ஊரில் அதற்குச் சதவீதம் என்பார்கள். வெறும் வீதம் என்றால் அவர்களுக்கு ஆளுக்கு இத்தனை, தடவைக்கு இத்தனை. ஒரே மொழி, ஒரே எழுத்து... நான் எழுதியதை அவர் பிழையில்லாமல் வாசித்து, பிழையாக விளங்கிக்கொண்டார். அவர் மீது என்ன தவறு? என் மீதும்தான் அதுவரை என்ன தவறு?

தவறு அடுத்த மூச்சில் தொடங்கியது.

'அக்கா, அது நூற்றுக்குப் பத்து. உங்களுக்கு வாறது இரண்டு டொலர்தான்.' இவ்வளவைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா?

"ஓம், சரி."

ஏன்? பல வருடங்களாக இதே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டேன். முதலில் வெட்கம் என்றேன். பிறகு, சனக்கூட்டம் என்றேன். பொய்! சில்லறைப் பெட்டியைப் பார்த்ததும் மனம் ஒரு நொடியில் கூட்டிக் கழித்துவிட்டது. மலர் அக்கா தராதது இத்தனை, மற்றவர்கள் தராதது இத்தனை... வளர்மதி கூடுதலாகத் தந்தது கிட்டத்தட்ட அதே அளவு. அன்று முதல்முறையாக, நான் என் காசைப் போடாமலே, மூன்று பங்கும் குறையில்லாமல் நிரம்பின.

"யோகா இருக்கிற மேசையில ஒரு சதம் பிசகாது!" என்று சிவநேசன் அண்ணை ஒலிவாங்கியில் சொன்னார். சனம் கைதட்டியது. எனக்காக! பாத்திரம் கழுவிக் கழுவி வெளிறிய என் கைகளை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு, தலை குனிந்து சிரித்தேன். அந்தக் கைதட்டலுக்காக நான் எவ்வளவு நாள் ஏங்கியிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நான் ஒரு சதமும் என் பையில் போடவில்லை. இதைச் சொல்லிக்கொண்டுதான் நெடுநாள் நித்திரை கொண்டேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள்... இல்லாதவளிடம் பிடுங்கி, இருப்பவர்களின் கடனை அடைத்துவிட்டு, நேர்மைக்காரி என்று பெயர் வாங்குவது திருட்டில் சேராதா? காசைத் தொடாமலே திருடலாம். அதை நான் செய்து பார்த்தவள்.

மாதங்கள் போயின. வளர்மதி தவறாமல் வந்தார். அவருக்கு ராசியான கை, அடிக்கடி ஏதாவது விழும். விழுந்ததும் பத்து டொலர்த் தாளோடு வருவார். சில நாள் பரிசே பதினைந்து டொலர்தான். அதிலும் பத்தைத் தந்துவிட்டு, "நிதிக்குத்தானே போகுது, போகட்டும்" என்பார். அந்த நேரங்களில் உண்மை என் நாக்கு நுனி வரை வரும். ஆனாலும் என் கை நீண்டு வாங்கும். கை, நாக்குக்காகக் காத்திருப்பதில்லை.

பிறகு தீபாவளிச் சிறப்பு ஹவுசி வந்தது. சீட்டு முழுவதும் நிரம்பும் 'முழு வீட்டுக்கு'ப் பரிசு தொள்ளாயிரம் டொலர்.

உங்களுக்கு விளங்கியிருக்கும், யாருக்கு விழுந்தது என்று.

"ஹவுஸ்!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். கைதட்டல் மெலிதாகத்தான் இருந்தது. வழமையாக வெல்கிறவர் மேல் சனத்துக்கு ஒரு சிணுக்கம் இருக்கும்தானே. அவர் அதைக் கவனிக்கவில்லை. சிறு பிள்ளை போல் முகமெல்லாம் மலர்ந்து, மேடையில் பரிசு உறையை வாங்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். பத்து டொலர்த் தாள் ஒன்றை வைத்தார்.

"இது ரூல்படி உள்ளது. மகன்கிட்ட பேசிட்டு நிதிக்குத் தனியா ஏதாச்சும் செய்யணும்னு இருக்கேன். அவரை நல்லபடியா அனுப்பி வச்சீங்களே..."

அந்தக் கணம் எனக்கு இன்னும் ஒரு வாய்ப்புத் தந்தது. சபை அறியாமல் திருத்திவிடக் கிடைத்த கடைசி வாய்ப்பு! நான் வாயெடுக்குமுன், பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்ற சிவநேசன் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்ன இது? தொண்ணூறு வரவேணும். பத்து டொலரை வைக்கிறா!"

"பத்து வீதம்னு..." என்று வளர்மதி சுவரைக் காட்டினார்.

"ஓம், பத்து வீதம். தொள்ளாயிரத்தில பத்து வீதம் தொண்ணூறு. இது சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். உங்கட ஆக்களுக்கு ஒரு கணக்கு, எங்களுக்கு ஒரு கணக்கோ?"

சனம் திரும்பிப் பார்த்தது. கதிரைகள் நகர்ந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மலர் அக்காவின் குரல். ஒருநாளும் பங்கு தராத அந்த வாயிலிருந்து!

"செத்தவீட்டுக் காசு. அதிலயும் களவெடுக்கினம். கள்ளி!"

வளர்மதியின் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குச் சொல் இல்லை. ஒரு தடவை என்னைப் பார்த்தார். 'நான் தந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியுமே' என்று அந்தப் பார்வை கேட்டதா? அல்லது வெறும் திகைப்பா? அறிய முடியவில்லை. ஏனென்றால் நான் தலையைக் குனிந்துவிட்டேன்.

ஒரு வார்த்தை போதும். 'அண்ணை, வீதம் எண்டா அவையின்ர ஊரில வேற அர்த்தம்.' சபை சிரித்திருக்கும், அவரும் சிரித்திருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி வருமே! 'அது உனக்கெப்படித் தெரியும்?' இவ்வளவு நாளும் தடவைக்குப் பத்துத் தந்தவர் என்பதால். 'அப்ப அந்தக் கூடுதல் காசு எங்கே?' மலர் அக்காவின் பங்கில்... ஒரு நூலை இழுத்தால் முழுச் சேலையும் பிரிந்துவிடும். நான் நூலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

வளர்மதி கையிலிருந்த பரிசு உறையைத் திறக்காமலே என் மேசையில் வைத்தார்.

"மொத்தத்தையும் நிதிக்கே வச்சுக்கோங்க. திருடின்னு மட்டும் சொல்லாதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை மண்டபத்திலேயே மறந்துவிட்டு, மூலையிலிருந்த டெயரி என்கிற சில்லறைக் கடையைத் தாண்டி ரயில் நிலையத்தை நோக்கி நடந்து போவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். குடையை எடுத்துக்கொண்டாவது ஓடியிருக்கக் கூடாதா நான்? மேசையில் காசு இருக்கிறதாம், விட்டுவிட்டுப் போகக் கூடாதாம். அப்படி ஒரு கடமை உணர்ச்சி எனக்கு!

அன்று மூன்று பங்கும் பொங்கி வழிந்தன. "கடவுள் கணக்கு வைச்சிருக்கிறார்" என்றார் சிவநேசன் அண்ணை. நான்தான் எண்ணிப் பிரித்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பிரித்தவள் நான்.

அடுத்த மாதம் வேறொரு காரியம் செய்தேன். சுவரிலிருந்த அறிவித்தலைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதி ஒட்டினேன். 'வென்றவர்கள் நூற்றுக்குப் பத்து டொலர்ப்படி அன்பளிப்புச் செய்க.' இப்ப நல்ல தெளிவு என்று எல்லோரும் பாராட்டினார்கள். பழையதில் என்ன தெளிவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று நடுங்கினேன். கேட்க மாட்டார்களா என்று தவிக்கவும் செய்தேன்... இரண்டும் உண்மை.

வளர்மதி அதன் பிறகு வரவில்லை. குடை மண்டபத்து அலுமாரியில் கிடந்தது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன்.

சான்ட்ரிங்ஹாமில் மளிகைச் சாமான் வாங்கப் போனால் கடைக்குள் நுழையுமுன் எட்டிப் பார்ப்பேன், அவர் நிற்கிறாரா என்று. ஒருமுறை அரிசி மூட்டைகளுக்கு அருகே அவரைப் போன்ற பின்புறம் தெரிந்தது. கறிவேப்பிலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அது வேறு யாரோ. ஆனாலும் திரும்ப உள்ளே போக முடியவில்லை.

போன குளிர்காலத்தில் என் மாமனார் காலமானார். சங்கத்தின் மரண உதவி நிதியிலிருந்து எங்கள் வீட்டுக்கும் உறை வந்தது. என் கணவர் நன்றியோடு வாங்கிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அதற்குள் இருப்பதில் யாருடைய காசு எவ்வளவு என்று எனக்கல்லவா தெரியும்!

மலர்ச்சாலையில் உடலை வைத்திருந்தபோது எல்லோரும் வந்தார்கள். சிவநேசன் அண்ணை வந்தார், மலர் அக்கா வந்து கட்டிப்பிடித்து அழுதார். கூட்டம் குறைந்த வேளையில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினேன்.

வளர்மதி.

இன்னும் மெலிந்திருந்தார். "நல்லதுக்கு வரலன்னாலும் கெட்டதுக்கு வரணுமில்ல" என்றார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா..." என்றேன்.

"அந்த விஷயம் மனசுல வச்சுக்காதீங்க. என் தப்புதான். மகன்தான் யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து சொன்னான், உங்க பக்கம் வீதம்னா சதவீதமாமே! எனக்கு எப்படித் தெரியும்? அப்போ முன்னாடி குடுத்ததெல்லாம் கூடுதலாப் போச்சு. போகட்டும், நிதிக்குத்தானே போச்சு. அத்தனை கூட்டத்துல நீங்களும் எங்க கவனிச்சிருக்கப் போறீங்க?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், திறந்தேன். அதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றதையும் சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு எல்லாரும் என்னைப் பேசினாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தைகூடச் சொல்லல. தலையைக் குனிஞ்சுட்டு எனக்காக வருத்தப்பட்டீங்க. நான் பார்த்தேன். அதை மறக்க மாட்டேங்க. அதுக்காகத்தான் வந்தேன்."

நான் அழுதேன். இறந்த மனிதருக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். முதுகைத் தடவிக் கொடுத்தார். "அழுதுடுங்க, அழுதுட்டாப் பாரம் குறையும்" என்றார்.

"ஓம்" என்றேன்.

அதே ஓம்! முதல் நாள் பத்து டொலர்த் தாளை வாங்கிக்கொண்டு சொன்னேனே, அதே சொல். அன்று அவருடைய காசை வாங்கினேன். இந்த முறை அவருடைய நன்றியையும் வாங்கிக்கொண்டேன். இதற்கும் மிச்சம் கொடுக்கவில்லை.

இப்போதும் அந்த மேசையில்தான் இருக்கிறேன். மலர் அக்கா இப்போதும் பிறகு தருவதாகத்தான் சொல்கிறார். குறைவதை என் காசால் நிரப்புகிறேன். அதைப் பிராயச்சித்தம் என்று எண்ணிவிடாதீர்கள்; நான் எண்ணிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. இதை எழுதுகையில்கூட ஒரு இடத்தில் இருக்க முடியாமல், எழுந்து எழுந்து ஜன்னலருகே போகிறேன். கதவு மூலையில் அந்தக் குடை நிற்கிறது.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் யாரோ, எங்கேயோ இருக்கிறீர்கள். உங்களிடம் சொல்வது எளிது.

வளர்மதி அக்கா தகனினியில்தான் இருக்கிறார். பாபகூராவில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம்.